பழைய பிக்கப்புக்கு எதுக்கு ஃபோர் வீல் டிரைவ்?

கோடியக்கரைப் பக்கத்து உப்பளச் சேறு பொல்லாதது. மேலே வெள்ளையாகக் காய்ந்த தரை மாதிரி தெரியும், கீழே முழுக்கக் களி. லோடு பிக்கப் அதில் பதிந்துவிட்டால் டிராக்டர் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்போதுதான் யாராவது வந்து யோசனை சொல்வார்கள்: "பழைய ஜீப் அச்சு ஒண்ணு வாங்கிப் போட்டு ஃபோர் வீல் ஆக்கிடுங்கண்ணே!"

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் உப்பு ஏற்றிப் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் முதலையே முழுங்கிவிடும் யோசனை இது.

முதலில் வேலையைப் பாருங்கள். அச்சு மட்டும் போதாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் வேண்டும், முன்பக்கம் டிஃபரன்ஷியல் வேண்டும், இரண்டையும் இணைக்க ஷாஃப்ட் வேண்டும். முன் பின் கிரவுன் பினியன் விகிதம் ஒத்துப்போகாவிட்டால் பல்லைத் தின்றுவிடும். இத்தனையும் உப்புக்காற்றில்! யு.ஜே. கிராஸும் பேரிங்கும் கூடக்கூடத் துருவுக்குத் தீனி கூடுகிறது, அவ்வளவுதான்.

சரி, எங்கே ஓட்டுவது? வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குத் தார் ரோடு. இந்த மாதிரி ஃபோர் வீலைக் காய்ந்த தாரில் போட்டு ஓட்டவே கூடாது. காட்டுப் பக்கம் போகலாமென்றால் அது 1967 முதல் சரணாலயம். மிச்சம் அளத்து வரப்பு மட்டும்தான். அங்கேயும் களி தாங்காதது வண்டியின் எடையை. நாலு சக்கரமும் சுற்றினால் எடை குறையுமா? கூடத்தான் செய்யும்!

அடுத்து சட்டம். தயாரிப்பாளர் வகுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். எஃப்.சி.க்குப் போனால் மாட்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். அன்றைக்கு யோசனை சொன்ன அண்ணன் பக்கத்தில் இருக்க மாட்டார்.

"கஜா மாதிரி புயல் வந்தா?" என்பார்கள். 2018 நவம்பரில் வண்டிகளை மறித்தது சேறு இல்லை, சாய்ந்து கிடந்த மரமும் மின்கம்பமும். அதற்குத் தேவைப்பட்டது அரம்பமும் ஆளும்தான்.

அந்தக் காசில் அளத்து வாசல்வரை கப்பி கொட்டலாம். லோடைக் குறைத்து இரண்டு நடை அடிக்கலாம். சேற்றில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, தாருக்கு வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம். கட்டாயம் வேண்டுமென்றால் பழைய வண்டியை விற்றுவிட்டு, கம்பெனியே நாலு சக்கரத்துக்கும் இயக்கம் கொடுத்துச் செய்த வண்டியைப் பழசிலேயே தேடலாம். பொலேரோ கேம்பரில் அந்த ரகம் வந்திருக்கிறது.

முன்சக்கரம் சுற்றுவதால் மட்டும் வரவு கூடிவிடாது மக்களே. செலவு கட்டாயம் கூடும்!