எங்க நாக்கைத் திருத்த வராதீங்க

"'பழம்'னு சொல்லும்மா."

சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். மூணாவது தடவை சொன்னதும் கேட்டவர் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "நீயே 'பயம்'னு சொல்றியே, பேஷண்டுக்கு என்னத்த சொல்லிக் குடுப்ப?"

இது ஒண்ணாம் வகுப்பில் நடந்ததல்ல. பேச்சு, மொழிக் கோளாறுகளுக்குப் பயிற்சி தரும் முதுகலைப் படிப்புக்கான நேர்முகத் தேர்வில் நடந்தது. ஒரு வருஷ ஆஸ்பத்திரிப் பயிற்சியும் சேர்த்து நாலு வருஷம் இளங்கலை முடித்துவிட்டுப் போயிருந்தேன். மூளையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளையும் வரிசையாகச் சொல்லுவேன். திக்குவாய்க்கு என்ன செய்யணும், அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைக்கு என்ன செய்யணும், பக்கவாதத்தில் பேச்சு போன பெரியவருக்கு என்ன செய்யணும், எல்லாம் படித்திருந்தேன். அது எதையும் அவர்கள் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் என் முகவரி இருந்தது. ஊர்ப் பெயரோடு 'காலனி' என்ற சொல்லும் இருந்தது. அது போதுமாயிருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. என்னைக் கேட்டவர் 'தமிழ்' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. 'தமிள்' என்றுதான் சொன்னார். தென்மாவட்டத்துக்காரர். அவர் ழகரத்தை ளகரமாகச் சொன்னால் அது வட்டார வழக்கு. நான் யகரமாகச் சொன்னால் அது கோளாறு!

அன்றைக்கு நான் பதில் பேசவில்லை. இடம் கிடைத்தது. 'கோட்டாவுல வந்தது' என்று காதுபடப் பேசினார்கள். இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அன்றைக்கு விழுங்கிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் ஏன் இந்தப் படிப்புக்குப் போனேன்? மதுராந்தகம் பக்கம் எங்க ஊர். சித்தப்பா மகன் ஒருத்தன், என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். தெருவில் அவனுக்கு 'ஊமையன்' என்றே பேர். அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்கவா போகிறது என்று விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை. சித்தி போய்க் கேட்டாள், "இன்னா சார், புள்ள வாயே தொறக்க மாட்டேங்குது?" வாத்தியார் சொன்னார், "காலனிப் பசங்க அப்பிடித்தாம்மா. லேட்டாத்தான் பேசுவாங்க."

ஒன்பது வயசில் ஒரு முகாமில்தான் காதைச் சோதித்தார்கள். ரெண்டு காதும் பிறவியிலேயே கேட்கவில்லை. அவன் தொண்டையிலும் நாக்கிலும் ஒரு குறையும் இல்லை. காதில் விழாத சொல் வாயில் எப்படி வரும்? மொழி வேர்பிடிப்பது பிறந்த முதல் சில வருஷங்களில். அந்த வயசில் கருவியும் பயிற்சியும் கொடுத்திருக்கலாம். சைகை மொழி கொடுத்திருக்கலாம். எதுவும் கொடுக்கவில்லை. இன்றைக்கு அவன் செங்கல் சூளையில் கல் அறுக்கிறான். மொதலாளிக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். கூலி பத்தலை என்று கேட்காத ஆள்.

அந்த வாத்தியாரையும் என் நேர்முகத் தேர்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோளாறே இல்லாத என் பேச்சு ஒருத்தர் காதில் கோளாறாக விழுகிறது. நிஜமாகவே காது கேளாத பிள்ளையின் மௌனம் இன்னொருத்தர் காதில் சாதி வழக்கமாக விழுகிறது. இரண்டும் ஒரே காதுதான். எங்கள் பேச்சையே குறை என்று கேட்டுப் பழகிய காதுக்கு எங்கள் பிள்ளைகளின் உண்மையான குறை கேட்காது. இந்தப் படிப்புக்குள் நான் நடத்தும் சண்டை இதுதான்.

"இது விஞ்ஞானம்மா, இதுல ஏன் சாதியக் கொண்டு வர்ற?" என்கிறார்கள். சரி, விஞ்ஞானத்தையே பேசுவோம். நாக்கை ஆட்டுவது பன்னிரண்டாம் நரம்பு. ழகரத்துக்கு நாக்கு நுனி மேலே வளைந்து எதிலும் ஒட்டாமல் நிற்கணும். யகரத்துக்கு நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நெருங்கணும். என் நரம்பும் நாக்கும் இரண்டையும் செய்யும். நான் 'பயம்' என்பது எங்க ஆயா, எங்க நைனா, எங்க தெரு எல்லாம் அப்படிச் சொல்வதால். சென்னையிலும் எங்க மாவட்டத்திலும் எத்தனையோ சாதிக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்டு வளர்ந்த குழந்தை அதைச் சொன்னால், அதன் காதும் மூளையும் நாக்கும் சரியாக வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

கோளாறு எது என்றும் சொல்கிறேன். ஆறு வயசுப் பிள்ளை கத்தியை 'தத்தி' என்கிறது, காக்காயை 'தாத்தா' என்கிறது. அதன் தெருவில் அந்த வயசுப் பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதற்குப் பயிற்சி தரணும், உடனே தரணும். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். "உங்க வூட்ல எப்பிடிம்மா சொல்லுவீங்க?" என்று அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்க அந்த அம்மாவை மனுசியாக மதிக்கணும். அங்கேதான் இடிக்கிறது.

போன வருஷம் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். ஏழு வயசு. துப்புரவுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துப் படங்களைக் காட்டினார்கள். வீணையைக் காட்டினால் தெரியவில்லை. பூஜை அறையைக் காட்டினால் தெரியவில்லை. "காலைல என்ன சாப்ட்ட?" என்றதும் உற்சாகமாக, "மாட்டுக்கறி, ராத்திரி வெச்சது" என்றான். கேட்ட மாணவி முகத்தைச் சுளித்தாள். பையன் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. 'தானாகப் பேசுவது குறைவு, சொல்வளம் வயதுக்குக் கீழே' என்று அறிக்கை எழுதினார்கள். முகத்தைச் சுளித்தது மட்டும் அறிக்கையில் இல்லை.

மறுநாள் அவனையும் கூட வந்த அவன் மாமன் மகனையும் தரையில் உட்காரவைத்து நானும் உட்கார்ந்தேன். உங்க வூட்டுப் பன்னி எத்தினி குட்டி போட்டுச்சி என்று கேட்டேன். அவ்வளவுதான்! குட்டி சாக்கடையில் விழுந்தது, அக்கா இறங்கித் தூக்கினது, அப்பன் அடிக்க வந்தது என்று இருபது நிமிஷம் பேசினான். ஒரு கதையைத் தொடங்கி, காரணம் சொல்லி, முடித்து வைக்கத் தெரிந்த பிள்ளை அவன்.

நான் புதுசாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் ஹார்லெம் கறுப்பினக் குழந்தைகளை வைத்து 1969இலேயே இதை எழுதிவிட்டார். பெரிய மனுசர் முன்னால் உட்காரவைத்தால் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன பையன், கேட்பவர் சிப்ஸ் பொட்டலத்தோடு தரையில் உட்கார்ந்து, அவன் நண்பனையும் கூட வைத்துக்கொண்டதும் ஓயாமல் பேசினான். மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினப் பெற்றோர் பள்ளி நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். பிள்ளைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துக்கொண்டே படிக்கக் கற்றுத்தரணும் என்று 1979இல் நீதிமன்றம் சொன்னது. ஆங்கிலத்தின் எந்தச் சமூக வழக்கும் கோளாறு ஆகாது என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கம் 1983இல் எழுத்துபூர்வமாக அறிவித்தது. நம் வகுப்புகளில் அமெரிக்கப் புத்தகங்களை வரி வரியாகப் படிக்கிறோம். இந்த வரிக்கு வந்ததும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்!

"ழகரம் தமிழின் சிறப்பாச்சே, அதை விட்டுவிடுவதா?" என்று தமிழ்ப் பற்றாளர்கள் கேட்பார்கள். ஐயா, 'ஆத்துக்குப் போனேன், சாப்ட்டுண்டிருந்தேன்' என்று பேசும் பிள்ளையை யாராவது பயிற்சிக்கு அனுப்பினீர்களா? 'மரம்', 'மறம்' இரண்டுக்கும் பேச்சில் வித்தியாசம் காட்டாத லட்சக்கணக்கான பேருக்குச் சீட்டு எழுதினீர்களா? பாமாவின் 'கருக்கு' 1992இல் தெருப் பேச்சிலேயே வந்தபோது கொச்சை என்று முகம் சுளித்தவர்களுக்கும், எங்கள் பிள்ளையின் பேச்சைக் கோளாறு என்று எழுதுகிறவர்களுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோட்டுதான் வித்தியாசம். மேடையில் பேச, வேலைக்குப் போக, பொதுத்தமிழ் பழக எவராவது விரும்பினால் நானே சொல்லிக்கொடுப்பேன். அது பாடம். அதை வியாதி என்று சீட்டில் எழுதக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. காது கேளாத சிறு குழந்தைகளுக்கு அரசுக் காப்பீட்டில் காக்ளியர் கருவியை இலவசமாகவே பொருத்துகிறார்கள். நல்லது. ஆனால் கருவி பொருத்தியதும் குழந்தை பேசிவிடாது. மாதக்கணக்கில், வாரம் பல நாள் பயிற்சிக்கு வரணும். வந்தால் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. வராவிட்டால், 'தாய்க்கு அக்கறை இல்லை' என்று குறிப்பு எழுதுகிறோம். பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று எழுத நம் படிவத்தில் கட்டம் கிடையாது.

அதனால் நான் கேட்பது இவைதான்:

ஒன்று, பேச்சைச் சோதிக்கும் படங்களும் சொற்களும் சேரியிலிருந்தும் வரணும். வயதுக்கு இவ்வளவு பேச்சு என்று அளவு வைக்கும்போது எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து அளந்துவிட்டு வையுங்கள்.

இரண்டு, வீட்டு வழக்கை விசாரிக்காமல் உச்சரிப்புக் கோளாறு என்று யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

மூன்று, பயிற்சிக்கு வரும் தாய்க்கு அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுக்கணும்.

நான்கு, 1992ஆம் வருஷத்து மறுவாழ்வு மன்றச் சட்டம் தகுதியும் பதிவும் இல்லாதவர் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்றது. அப்படியானால் அந்தத் தகுதியைத் தரும் படிப்பின் வாசலில் 'பழம்' சொல்லச் சொல்லி எங்களை வடிகட்டாதீர்கள்.

மாணவத் தோழர்களே, டாக்டர், வக்கீல், ஆசிரியர் என்று நாம் யோசிக்கிறோம். இந்தப் படிப்பு நம் கண்ணில் படுவதில்லை. வாருங்கள். நாம் வராதவரை நம் பிள்ளைகளின் பேச்சுக்கு மார்க் போடுகிறவர்கள் நம் பேச்சு புரியாதவர்களாகவே இருப்பார்கள்.

அம்பேத்கர் 1920இல் தொடங்கிய பத்திரிகைக்கு 'மூக்நாயக்' என்று பேர் வைத்தார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். நம் மக்கள் பிறவி ஊமைகள் அல்ல, வாய் அடைக்கப்பட்டவர்கள் என்று அவருக்குத் தெரியும். எங்க சித்தப்பா மகன் விஷயத்தில் அது உவமையாகக்கூட இல்லை, அப்படியே நடந்தது.

படிப்பு முடிந்ததும் எங்க ஊர்ப் பக்கமே போகப் போகிறேன். முதலில் அங்கன்வாடிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காது சோதிக்கணும். அங்கே யாராவது ஒரு பிள்ளை 'வாயப்பயம்' என்று சொன்னால் சந்தோஷமாக அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன். அந்தப் பிள்ளைக்கு நல்லாக் காது கேக்குது.