பழைய தேரும் பந்தய மோட்டாரும்

"ஸார், ஒரு மா நிலத்தை விற்றுவிடலாமென்று யோசிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே, சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் வந்து திண்ணையில் உட்கார்ந்தான்.

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒருவன் நன்செய் நிலத்தை விற்கிறேன் என்றால், "பெண்ணுக்குக் கலியாணமா? கோர்ட்டு வழக்கா?" என்று கேட்பதுதான் சம்பிரதாயம். நானும் கேட்டேன். இரண்டுமில்லை, மோட்டார் வாங்கப் போகிறானாம். அதுவும் வீட்டார் ஏறிக்கொண்டு கோவிலுக்குப் போகக்கூடிய மோட்டார் அல்ல. ஒரே ஓர் ஆள் பாதி படுத்தாற்போல் சாய்ந்து ஓட்டவேண்டிய பழைய பந்தய மோட்டார். கதவில்லை, கூரையில்லை, விளக்கில்லை, மட்கார்டு இல்லை. "முற்றிலும் புதுப்பிக்கப்பட்டது, விற்பனைக்கு" என்று கண்ட விளம்பரத்தின் படத்தைக் காட்டினான்.

"சக்கரம் நாலும் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதே! மேல்மூடி போடப் பணம் போதவில்லையா?" என்று என் மனைவி விசாரித்தாள்.

சிரித்தேனே ஒழிய, அந்த வண்டி சிரித்துத் தள்ளக்கூடியதல்ல. அது பார்முலா மாருதி வகை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமைத்த சோழவரம் விமான ஓடுதளத்தில்தான் சென்னை மோட்டார் பந்தயங்கள் நெடுங்காலம் நடந்தன. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை ஏற்பட்டது. வெளிநாட்டு வண்டிகளை வாங்க வசதியற்ற நம் இளைஞர்கள் என்ன செய்வது? கோயமுத்தூர் எஸ். கரிவரதன் அதற்கு வழி கண்டார். சாதாரணக் குடும்பங்கள் வைத்திருந்த மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினையே வைத்து, ஒற்றை ஆசனப் பந்தய வண்டியை இந்நாட்டிலேயே உருவாக்கினார். 1995-ல் விமான விபத்தில் அவர் அகால மரணமடைந்தார். ஆனால், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயன், தொடக்கத்தில் ஓட்டியது பார்முலா மாருதிதான். செட்டிப்பாளையத்துப் பந்தயப் பாதை இன்று கரிவரதன் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆகவே பையனின் ஆசையை நான் பழிக்கவில்லை. "புதுப்பிக்கப்பட்டது" என்ற வார்த்தையில்தான் எனக்குச் சந்தேகம். பழையதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? 1954-ல் பாஞ்சியோ ஜெர்மனியிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் வென்ற மெர்ஸிடிஸ் வண்டி, 2013-ல் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தது. ஒரு கோடியே தொண்ணூற்றாறு லட்சம் பவுனுக்கு விலை போயிற்று. அதை யாரும் பளபளவென்று புதுப்பித்து வைத்திருக்கவில்லை! பழைய தழும்புகளுக்கே அவ்வளவு மதிப்பு.

அப்படியானால் புதுப்பித்ததெல்லாம் பொய்யா? அதையும் நம் ஜில்லாக்காரன் ஒப்பமாட்டான். திருவாரூர் ஆழித் தேர் 1926-ல் தீக்கிரையாயிற்று. பிறகு புதிதாய்ச் செய்தார்கள். பிற்காலத்தில் திருச்சி பெல் தொழிற்சாலையார் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். "இது பழைய தேர்தானா?" என்று வடம் பிடிக்கிறவர் எவரேனும் கேட்டதுண்டா? அதே நான்கு வீதியில் அதே ஊரார் இழுக்கிறார்கள். ஆகவே அது அதே தேர். ஓடுகிற வரையில்தான் தேர். கொட்டகையில் நின்றுவிட்டால் வெறும் மரம்.

இந்த நியாயத்தை வைத்து அவனுக்கு மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். முதலாவது: சட்டத்தில் பொறித்த எண்ணும், அது ஓடிய பந்தயங்களின் காகிதங்களும், புதுப்பிப்பதற்கு முன் எடுத்த படங்களும் உண்டா? இரண்டாவது: வர்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது? வெல்டிங் வைத்த இடங்களில் விரிசல் இருந்தால், அழகிய சிவப்பு வர்ணம் அதை மறைக்குமே தவிர ஆளைக் காப்பாற்றாது. மூன்றாவது: எங்கே ஓட்டுவாய்? ஐம்பது ஆண்டு கடந்த பழைய வண்டிகளைப் பதிவு செய்ய 2021-ல் விதிகள் வந்தன. இதற்கு அந்த வயது ஆகவில்லை. ஆனாலும் இது சாலைக்கென்று பிறந்த வண்டியுமல்ல. ஒவ்வொரு தடவையும் லாரியில் ஏற்றி, செட்டிப்பாளையத்துக்கோ இருங்காட்டுக்கோட்டைக்கோ கொண்டுபோக வேண்டும்.

பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் வாங்காவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும், ஸார்" என்றான். அந்த வார்த்தை என்னைத் தைத்தது. நம்மவர் மூளையிலும் கையிலும் உருவான யந்திரம் அது. அயலார் தங்கள் பழைய வண்டிகளைக் கண்ணாடி அறையில் வைக்கிறார்கள். நாமோ எடை போட்டு விற்கிறோம். அதே சமயம், அந்த ஒரு மா நிலம் அவன் தகப்பனார் முப்பது வருஷம் சேற்றில் நின்று காப்பாற்றியது. ஒன்றைக் காக்க மற்றொன்றை அழிப்பது எந்தக் கணக்கில் சேர்ந்தது?

"தம்பி, ஊர் கூடித்தான் தேர் இழுக்கவேண்டும். உன்னைப்போல் பைத்தியம் பிடித்தவர் இன்னும் மூன்று பேரைத் தேடு. நிலத்தைத் தொடாதே" என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்று மறுபடியும் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. எண், காகிதம், படம் எல்லாம் சரியாயிருக்கின்றனவாம். வெல்டிங்கையும் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் பார்த்துவிட்டாராம்.

"கூட்டாளிகள்?" என்றேன்.

"இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் தாங்கள்தான், ஸார்!"

வாத்தியார் வேலையில் இதுதான் ஆபத்து. சொன்ன பாடத்தைச் சில பையன்கள் கேட்டுவிடுகிறார்கள். "சம்பா அறுவடை ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் கேட்டது: "பங்கு போடுவதானால், முதலில் அந்தச் சக்கரங்களுக்கு ஒரு மூடி போடச் சொல்லுங்கள்!"