குழந்தைகளோடு தெற்கே போகும்போது

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலைவழித் தூரம் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். ஒரே நாளில் ஓட்டிவிடலாம். ஆனால் குழந்தைகளையும் முதியோரையும் அமர்த்திக்கொண்டு மே மாதத்தில் அப்படி ஓட்டுவது அவர்களை வதைப்பதுதான். விடியலில் கிளம்பினால், 330 கிலோமீட்டரில் உள்ள திருச்சியை வெயில் உச்சிக்கு ஏறும் முன் எட்டிவிடலாம். இரவுத் தங்கலுக்கு இதுவே பொருத்தமான ஊர். மாலையில் போக முக்கொம்பு இருக்கிறது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அந்த இடத்தில் பூங்காவும் மரநிழலும் உண்டு. மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கும் மரபான நாள் ஜூன் 12 என்பதால், மே மாதத்தில் ஆறு நிறைய நீரை எதிர்பார்க்க வேண்டாம். திருச்சி மலைக்கோட்டையின் 400க்கும் மேற்பட்ட படிகளை மறுநாள் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது. நண்பகலில் கல் பிஞ்சுப் பாதங்களைச் சுட்டுவிடும். பெரிய கோயில்கள் பலவும் மதியம் நடை சாத்துபவை. அந்த வேளைக்கு ஏற்றது அருங்காட்சியகம். மதுரைக்கு அருகே 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில், பழங்காலத்து விளையாட்டுக் காய்களையும் பானை ஓட்டில் கீறிய எழுத்துகளையும் சிறுவர்கள் நேரில் பார்க்கலாம். இடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தும் உணவகத்தில் சாப்பாட்டின் ருசியை விட முக்கியம், பெண்களும் குழந்தைகளும் தயங்காமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை. அது இல்லாத இடத்தில் காசு கொடுத்துச் சாப்பிடாதீர்கள்.