தொலைக்காட்சியும் குடும்பமும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அடுத்த பத்தாண்டுகளில், வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திரைப்படம் ஆகிய இரண்டையும் காண, குடும்பங்கள் வாரம் முழுதும் காத்திருந்தன.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கடப்பாக்கம் சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடற்கரையூர். இத்துணைத் தொலைவில் படம் தெரிய, உயர்ந்த குழாயின் உச்சியில் ஆன்டெனாவை நிறுத்தல் வேண்டும். கடற்காற்றோ அதனைத் திருப்பிவிடும். இளைஞன் ஒருவன் மாடியேறி அதனைச் சரிசெய்வான், உள்ளிருப்போர், “தெரிகிறது! இல்லை, போய்விட்டது!” என்று கூவுவர்.

அக்காலத்தில் தெருவே ஒரு குடும்பமாய் இருந்தது என்று புகழ்வோர் பலர். கூடத்தில் அமர்ந்தவர் யார், சன்னலுக்கு வெளியே நின்றவர் யார் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. வீட்டுக்காரர் முகம் சுளித்தால் பாட்டின் நடுவே கதவு சாத்தப்படும். தமிழக அரசு 2006ஆம் ஆண்டு முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது, பிறர் வாயிலில் நிற்கும் நிலை எளியோருக்கு நீங்கியது. அது சிறிய பேறன்று.

இழப்பு பின்னர் வந்தது. இன்று ஆளுக்கொரு கைப்பேசி. ஒரே கூரையின்கீழ் ஆளுக்கொரு காட்சி. பாட்டி தொடரைத் தனியே காண்கிறாள். பேரன் கிரிக்கெட்டைத் தனியே காண்கிறான். வாரத்தில் ஒரு மாலையேனும் ஒரே நிகழ்ச்சியை அனைவரும் சேர்ந்து காண்பதற்குப் பழைய வறுமை மீண்டும் வரவேண்டுவதில்லை. எதைக் காண்பது என்பதில் பாட்டிக்கும் பேரனுக்கும் வழக்கு எழும். அதைத் தீர்த்துக்கொள்வதற்காகவேனும் இருவரும் பேசுவர்.