சாத்தனூரில் மரம், காரையில் கடல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

கல்விச் சுற்றுலா என்றதும் நம் மாணவ நண்பர்கள் ஊட்டி, கொடைக்கானல், கன்னியாகுமரி என்று அடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பழம்பெரும் மரத்தையும் கடலையும் காண அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை என்பது என் வாதம். காலையில் ஜெயங்கொண்டத்தில் பேருந்து ஏறினால் இரண்டையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். சென்ற ஆண்டு நாங்கள் சிலர் அவ்வாறே சென்று வந்தோம்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கிறது அந்த மரம். நீளம் 18 மீட்டர். வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். 1940ஆம் ஆண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். கடலோரச் சேற்றில் புதைந்த மரம் காற்றுப் புகாததால் அழுகவில்லை; நீரில் கரைந்திருந்த சிலிக்கா அதன் நுண்ணறைகளில் சிறிது சிறிதாகப் புகுந்து, மரத்தின் வடிவம் மாறாமலே கல்லாக்கிவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்தின் ஆயிரம் ஆண்டே நமக்கு மலைப்பாக இருக்கிறது. இந்த 12 கோடியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கடல் எங்கே என்று கேட்பீர்கள். சாத்தனூரை அடுத்த காரையில் மழைநீர் அரித்த களிமண் மேடுகளே அன்றைய கடலின் தரை. கடல் இன்று கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் விலகிவிட்டது. அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன. அம்மோனைட் நத்தைபோல் சுருண்டிருக்கும்; ஆனால் நத்தையன்று, கணவாய்க்கு உறவு. டைனோசர்கள் மறைந்த காலத்தை ஒட்டி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த இனம். பாடநூலில் படமாகப் பார்த்ததை மண்ணில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் அக்கடல் தந்ததே. என் தந்தையார் அக்கல் ஏற்றும் லாரியில் கிளீனராக உழைத்த காசில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரிப் படி ஏறினேன். ஆகவே சுரங்கத்தை மூடுங்கள் என்று எழுத என் கை வராது. ஆனால் தோண்டும் கல்லில் சிப்பி இருக்கிறதா, எலும்பு இருக்கிறதா என்று சூளைக்குப் போகுமுன் பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? நம் போன்ற பட்டதாரிகளுக்கு அது ஒரு வேலையாகவும் ஆகுமே!

சாத்தனூர் மரத்துக்கு வேலி உண்டு. வாரணவாசியில் அருங்காட்சியகமும் உண்டு. காரையோ நாங்கள் சென்றபோது திறந்தே கிடந்தது. வருகிறவர்கள் அம்மோனைட்டுகளைப் பை நிறையப் பொறுக்கிச் செல்கிறார்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத படிவம் ஆய்வாளருக்குப் பாதிப் பயன்கூடத் தராது. மேசைமேல் தாளுக்குப் பாரம் வைக்க வேறு கல்லா கிடைக்காது?

வரும் ஆண்டின் சுற்றுலாவை முடிவு செய்யுமுன் துறைத் தலைவர் அவர்கள் இதனைக் கருத வேண்டுகிறேன். செல்வோர் கட்டுச்சோறும் குடையும் எடுத்துச் செல்க. அந்தக் கடலில் தண்ணீரும் இல்லை, நிழலும் இல்லை.