எண்ணூறு மீட்டரும் ஒரு முட்டையும்

சென்ற ஆண்டு கல்லூரி விளையாட்டு விழாவுக்கு முன்பு மாணவிகளுக்கு ஒரு பட்டிமன்றம் வைத்தோம். உடல்தகுதியை மிக அதிகமாகக் கேட்கும் விளையாட்டு எது என்பது தலைப்பு. ஒருத்தி கபடி என்றாள், ஒருத்தி குத்துச்சண்டை என்றாள், டி.வி.யில் ஒலிம்பிக் பார்த்த ஒருத்தி நீச்சல் என்றாள். ராஜபாளையத்திலிருந்து வரும் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "எங்க அம்மா செய்ற வீட்டு வேலைதான் மேம்" என்றாள். அரங்கத்தில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நடுவராக இருந்த நானும் தட்டினேன். மாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் கோபம் வந்தது. அந்தப் பெண்மேல் அல்ல, தட்டிய என் கைகள்மேல்.

பெண்ணியக் கூட்டங்களில் நாம் அடிக்கடி சொல்லிக் கைதட்டு வாங்கும் வாசகம் அது. வீட்டு வேலைதான் உலகின் கடினமான விளையாட்டு, அம்மாதான் பெரிய வீராங்கனை. மகளிர் தின வாழ்த்து அட்டைகளிலும் அதைத்தான் அச்சடிக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதையே ஆண்களும் மகிழ்ச்சியாகச் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? "அந்தக் காலத்துல பொம்பளைங்க ஆட்டுரல்ல ஆட்டி, உலக்கையில இடிச்சி, எப்படித் தெம்பா இருந்தாங்க! இப்ப மிக்ஸி வந்துதான் நோயும் வந்துச்சு." இதைச் சொல்லாத ஒரு பெரியப்பாவாவது நம் வீடுகளில் உண்டா? தெம்பாக இருந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாட்டிகளின் தேய்ந்த மூட்டைப் பற்றியோ, இறங்கிப்போன கர்ப்பப்பையை வெளியே சொல்லாமல் முப்பது வருடம் சுமந்ததைப் பற்றியோ எந்தப் பெரியப்பாவுக்கும் தெரியாது.

உடல் எப்படித் தகுதி பெறுகிறது என்பது ரகசியம் அல்ல. தசைக்குப் பழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான சுமை கொடுக்க வேண்டும். தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும். பிறகு சாப்பிட்டு, தூங்கி, ஓய்வெடுத்தால் உடல் அந்தச் சேதத்தைச் சரிசெய்து, முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் பலமாக எழும். மறுபடி சுமை, மறுபடி ஓய்வு. உடல் பலமாவது அந்த ஓய்வில்தான். அதனால்தான் நல்ல பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் ஓடுவது என்று எழுதும்போதே எந்த நாள் ஓடக் கூடாது என்றும் எழுதிவைக்கிறார். சுமை மட்டும் இருந்து ஓய்வும் சோறும் இல்லாவிட்டால் அது பயிற்சி அல்ல, தேய்மானம். அந்த மாணவியின் அம்மா செய்வது இரண்டாவது. அதை விளையாட்டு என்று நாம் கொண்டாடினால், தேய்ப்பவர்களுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறோம்.

விளையாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் முயற்சிகள் நிறைய உண்டு. அமெரிக்காவின் இ.எஸ்.பி.என். 2004இல் ஒரு நிபுணர் குழுவை வைத்து 60 விளையாட்டுகளுக்கு 10 அளவுகோல்களில் மதிப்பெண் போடச் சொன்னது. தாக்குப்பிடிக்கும் திறன், பலம், வேகம், வளைந்துகொடுத்தல், துணிச்சல் என்று போகிறது அந்தப் பட்டியல். குத்துச்சண்டை முதலிடம், மீன்பிடித்தல் கடைசி. உடலியல் ஆய்வாளர்களைக் கேட்டால், ஒரு நிமிடத்தில் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதை அளந்து, நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர்களை உச்சத்தில் வைப்பார்கள். இரண்டும் தவறில்லை. ஆனால் இரண்டுமே மைதானத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட உடலைத்தான் அளக்கின்றன. அந்த உடல் காலையில் என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குப் படுத்தது என்பதற்கு மதிப்பெண் இல்லை.

என்னைக் கேட்டால் 800 மீட்டர் ஓட்டம் என்பேன். கொஞ்சம் சொந்தப் பாசமும் இதில் இருக்கிறது. பள்ளியில் நான் ஓடியது அதுதான். 400 மீட்டர் ஓடுபாதையில் இரண்டு சுற்று. 100 மீட்டர் போல முழுமூச்சில் பாய்ந்து முடித்துவிட முடியாது, மாரத்தான் போல மூச்சை அளந்து செலவழிக்கவும் முடியாது. தேவைப்படும் ஆற்றலில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் வழியாக வர வேண்டும், மிச்சம் ஆக்சிஜன் இல்லாமல் தசை தானே எரித்துக்கொள்வது. இரண்டாவது சுற்றின் வளைவில் தொடை இரும்பாகிவிடும். காது அடைக்கும். அந்த இடத்தில் காப்பாற்றுவது ரத்தம் மட்டும்தான், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின்.

பெண்களிடமிருந்து பறிக்கப்பட்ட ஓட்டமும் இதுதான். ஒலிம்பிக் தடகளத்தில் பெண்களை முதன்முதலாக அனுமதித்தது 1928இல், ஆம்ஸ்டர்டாமில். 800 மீட்டர் இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் ஹிதோமி கினுவே இரண்டாவது. எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சிலர் தரையில் சாய்ந்தார்கள், 800 மீட்டர் ஓடினால் யாரும் சாய்வார்கள். பெண்கள் பாதி வழியில் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தவர்கள். ஆனாலும் அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேல் ஓட்டமே இல்லை என்றானது. 800 மீட்டர் திரும்பி வர 1960 ரோம் ஒலிம்பிக் வரை, 32 ஆண்டு ஆனது. 1908 லண்டன் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி பலமுறை விழுந்து, மற்றவர்கள் தூக்கிவிட்டு எல்லையைக் கடந்தார். தகுதி நீக்கம் செய்யப்பட்ட அவருக்கு இங்கிலாந்து ராணி தனியாக ஒரு கோப்பை கொடுத்தார். ஆண் விழுந்தால் வீரம், மாரத்தானை யாரும் ரத்து செய்யவில்லை. பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் கிடைத்தது 1984இல். 1,500 மீட்டர் நீச்சல் கிடைத்தது டோக்கியோவில், 2021இல்! நம் கபடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்கள் 2010இலும் 2014இலும் தங்கம் வென்றார்கள். ஆண்களுக்கான லீக் 2014இல் தொடங்கி இன்றும் ஓடுகிறது. பெண்களுக்கு 2016இல் மூன்றே அணிகளோடு ஒருமுறை நடத்தினார்கள், அத்தோடு சரி.

இதே 800 மீட்டரில்தான் சாந்தி சௌந்தரராஜன் ஓடினார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். பிறகு பாலினப் பரிசோதனை, அதில் தோல்வி என்ற அறிவிப்பு, பதக்கம் பறிப்பு. அவருடைய உடலின் அந்தரங்கம் உலகச் செய்தியானது. சில ஆண்டுகளில் அவரே செங்கல் சூளையில் கூலிக்கு நின்றார். பின்னர் பயிற்சியாளர் ஆனார், பதக்கம் மட்டும் திரும்பவில்லை. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவைப் பரிசோதனைக்கு இழுத்ததும் 800 மீட்டரில்தான். 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் ஓட வரும் எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பலவீனமாக இருந்தால் ஓடாதே என்றார்கள், பலமாக ஓடினால் நீ பெண்ணா என்கிறார்கள். சத்துணவு இல்லாமல் வளர்ந்த ஒரு சூளைக்காரர் மகள் அந்த வேகத்தை எப்படி எட்டினாள் என்று வியந்து அதைப் பரிசோதிக்க எந்த அமைப்புக்கும் தோன்றவில்லை.

சோறு என்றதும் எங்கள் ஊருக்கு வருகிறேன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். சத்துணவில் முட்டை போட்டு நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது, மறுக்கவில்லை. ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மாதவிடாயில் இரும்புச்சத்து போய்க்கொண்டே இருக்கும் வயதில், பிளஸ் ஒன் சேர்ந்த அன்றைக்கு முட்டை நிற்கிறது. வீட்டில் முட்டை வாங்கினால் அது தம்பிக்கு. "அவன் விளையாடுற பையன்." பள்ளியில் வாரம் ஒரு நீல நிற மாத்திரை கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்று பாதிப் பேர் ஜன்னல் வழியே எறிகிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நேரம். ஒன்றிய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். வித்தியாசம் 202 நிமிடம். ஒரு வீராங்கனையின் ஒருநாள் பயிற்சியும், அது முடிந்து ஒரு குட்டித் தூக்கமும் அதற்குள் அடங்கும்.

ராஜபாளையம் 1930களிலேயே நூற்பாலை வந்த ஊர். ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும் பெண் எட்டு மணி நேரம் மெஷின் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பாள். அறுந்த இழையை ஒட்டுவாள், நடப்பாள், அடுத்ததை ஒட்டுவாள். ஈரப்பதம் குறையாமல் வைத்திருக்கும் புழுக்கம், மூக்கில் பஞ்சு. தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்று பெயர் சூட்டி, கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துத் தருவதாகச் சொல்லி, மணமாகாத பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். பதினாறிலிருந்து பத்தொன்பது வயது வரையான அந்த மூன்றாண்டில்தான் ஒரு தடகள உடல் உருவாகிறது. பக்கத்திலேயே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். எங்கெங்கோ மைதானங்களில் விழுபவர்களின் முட்டிக்குக் கட்டும் துணியை மடித்து அடுக்கும் பெண்களில் எத்தனை பேர் ஒரு மைதானத்தில் விழுந்திருப்பார்கள் என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

ஏழைப் பையன்களும் பசியோடுதானே ஓடுகிறார்கள் என்று கேட்பீர்கள். ஆமாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் முட்டை கேட்கிறேன். ஆனால் அவன் ஓடிவிட்டு வீட்டுக்குப் போனால் தட்டு தயாராக இருக்கும், துவைத்த டிராயர் கொடியில் காயும். நான் மாவட்டப் போட்டியில் ஓடிவிட்டு வந்த அன்று அடுக்களையில் பாத்திரம் குவிந்து கிடந்தது. அம்மாமேல் எனக்குக் குறையில்லை. அவளுக்கு அன்று காய்ச்சல், அவளும் படுக்கவில்லை. பிளஸ் ஒன்னில் டிராயர் போடக் கூடாது என்றார்கள், பாவாடையோடு எண்ணூறு ஓட முடியாது. கதை முடிந்தது. பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போனது.

இன்றும் அதிகாலை ஐந்து மணிக்கு எங்கள் இரண்டு ஊர் மைதானங்களில் ஆண்கள் ஓடுகிறார்கள், பெண்களை விரல்விட்டு எண்ணலாம். "இருட்டுல பொண்ணைத் தனியா எப்படி அனுப்புறது?" இதைக் கேட்பது எந்த ஊர் என்று பாருங்கள். ஆண்டாளின் ஊர். திருப்பாவையில் என்ன நடக்கிறது? பெண்கள் விடியுமுன் எழுந்து, இன்னும் தூங்குபவளின் வாசலில் நின்று கேலி பேசி எழுப்பி, கூட்டமாகத் தெருவில் இறங்கி நீராடப் போகிறார்கள். பக்திக்குள் நான் போகவில்லை, நம்புகிறவர்கள் நம்பட்டும். இருட்டில் தெருவை நிறைத்துப் போகும் பெண்களை மார்கழி முழுதும் ஒலிபெருக்கி வைத்துக் கொண்டாடும் ஊர், தன் மகளை அதே நேரத்தில் வாசல் கோலத்துக்கு மேல் அனுப்புவதில்லை. தெருவிளக்கு எரிய வேண்டும், மைதானத்தில் பூட்டாத கழிப்பறை வேண்டும், ஒருத்தியாக அல்லாமல் பத்துப் பேராக ஓட வேண்டும். பிளஸ் டூ வரை முட்டை வேண்டும். வீட்டுப் பாத்திரத்தைத் தம்பி கழுவ வேண்டும். இவை எதுவும் இல்லாமல் எந்த விளையாட்டு கடினம் என்று பட்டிமன்றம் வைத்த என் அசட்டுத்தனத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

பட்டிமன்றத்துக்கு மறுநாள் அந்த முதலாண்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். "சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்கு வர்றியாம்மா, ரெண்டு சுற்று ஓடிப் பார்ப்போம்" என்றேன்.

"சனிக்கிழமை எங்க தெருவுக்குத் தண்ணி வர்ற நாள் மேம். ஞாயித்துக்கிழமை வரட்டா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தாள், அக்காவின் பழைய சுடிதார் பேண்டில், வெறுங்காலோடு. முதல் சுற்று நன்றாக ஓடினாள். இரண்டாவது சுற்றில் வளைவுக்கு முன்பே நின்று, முட்டியில் கையை ஊன்றிக் குனிந்துவிட்டாள். பக்கத்தில் போய், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். டீ என்றாள்.