பயான் கேட்கிற பெட்டிக்குள் கணக்கு எதற்கு?

போன வாரம் தரம் 9 பிள்ளைகளுக்கு கணினி அறையில் குவோட் லிபெட் என்ற இலவச மென்பொருளைக் காட்டினோம். பாட்டு, பயான் எதையும் கேட்கலாம். அதன் தேடல் பெட்டியில் பெயரை மட்டுமல்ல, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலையும் எழுதித் தேடலாம். ஒரு வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "கேட்கிற சாமானுக்குள்ள கணக்கு என்னத்துக்கு சேர்? பெயரை அடிச்சா வருதுதானே."

(இசை கூடுமா கூடாதா என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம். எங்கள் கணினியில் இருந்தது கிராஅத்தும் பயானும்தான்.)

பெயர் தெரிந்தால் பெயரை அடிக்கலாம். பிள்ளை பாதியில் தாண்டித் தாண்டிப் போகிற சூரா எது என்று எந்தப் பெயரை அடித்துக் கேட்பது? அந்த மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் எத்தனை தடவை கேட்டோம், எத்தனை தடவை தாண்டினோம், அதன் நீளம் எவ்வளவு என்று குறித்து வைக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். 30 தடவை கேட்டு 40 தடவை தாண்டியது, 5 தடவை கேட்டு ஒரு தடவையும் தாண்டாததை விட மேலே நிற்கும். சூரத்துல் இஹ்லாஸ் 4 ஆயத்து. நூறு தடவை ஓதக் கேட்டாலும் நேரம் அதிகமில்லை. அல் பகரா 286 ஆயத்து. ஒரு தடவை கேட்டாலே மணிக்கணக்கு. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? தடவையை நீளத்தால் பெருக்கித்தான்.

"இதையெல்லாம் போனே தானாகப் பார்க்குமே" என்பார்கள். பார்க்கும். யாருக்காகப் பார்க்கிறது? நம்மைத் திரையை விட்டு எழும்ப விடாமல் வைத்திருக்கத்தான் அந்தக் கணக்கு. அதை நாம் பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. நமது பிள்ளைகள் சமனிலியைப் பரீட்சைத் தாளில் மட்டும் எழுதி, வெளியே வந்ததும் மறந்து விடுகிறார்கள். பிறகு நாங்களே, கணிதத்தில் சித்தியில்லை என்று கூட்டம் போட்டு அழுகிறோம். அட்சரகணிதத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் ஏன் கோபம் வருகிறது?

அந்த வாப்பாவின் மகள்தான் முதலில் எழுதினா: தாண்டியது, கேட்டதை விடப் பெரிது. பதினொரு பயான் வந்தது. அதில் எட்டு, வாப்பா பென் டிரைவில் போட்டுத் தந்தவை.